உங்களுக்குத் தெரியுமா? பாய்மரப் படகில் பிறக்கும் நன்னீர்

கடல்நீரைக் குடிநீராக்கக் காய்ச்சி வடிப்பதே எளிய வழி என்று தோன்றும். சிறு பாய்மரப் படகில் அந்தக் கணக்கு ஒத்துவராது. ஒரு லிட்டர் நீரைக் கொதிக்கவைத்து முழுதும் ஆவியாக்க ஏறத்தாழ 700 வாட்-மணி ஆற்றல் வேண்டும். அந்த வெப்பத்தை மீட்டு மறுபடி பயன்படுத்தலாமே என்றால், அது பெரிய ஆலைகளுக்குச் சரி. படகில் இடம் ஏது? சவ்வின் வழியே நீரை அழுத்தித் தள்ளும் ஆர்.ஓ. (எதிர்ச் சவ்வூடு பரவல்) முறையில் நீர் ஆவியாக வேண்டியதே இல்லை. லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்புள்ள கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் 27 பார் அளவு. அதன் இருமடங்கு அழுத்தத்தில் தள்ளினால் உப்பு பின்தங்க, நீர் சவ்வைக் கடக்கிறது. ஆனால் உள்ளே போவதில் பத்தில் ஒரு பங்கே நன்னீராகும். மிச்சம் அழுத்தம் குறையாமலே வெளியேறும். அந்த அழுத்தத்தையும் வேலை வாங்கும் பம்பு வந்த பிறகுதான் லிட்டருக்கு 4 வாட்-மணி அளவே போதும், சூரியத் தகடே தாங்கும் என்றானது. சவ்வைவிட இந்தப் பம்பே படகோட்டிகளுக்குப் பெரிய வரம் என்பேன்.

அப்படியானால் தண்ணீர்த் தொட்டி எதற்கு? துறைமுகத்தில் மிதக்கும் எண்ணெய் சவ்வைப் பாழாக்கும். அங்கே கருவியை ஓட்ட முடியாது. சவ்வைக் கழுவவும் தொட்டியில் சேர்த்த நன்னீரே வேண்டும்; கரையில் பிடித்த குழாய்நீரால் கழுவினால் அதிலுள்ள குளோரின் சவ்வை அரிக்கும். மின்சாரம் நின்றால் பம்பும் நிற்கும்; அப்போது தொட்டி நீரோ, கையால் இயக்கும் கருவியோதான் துணை. 1989-ல் பசிபிக்கில் படகை இழந்த பட்லர் தம்பதியர் மிதவையில் 66 நாள் உயிர்தாங்கியது, கையால் இயக்கும் சிறு ஆர்.ஓ. கருவி தந்த நீரால்.