ஆமையிறைச்சியும் கூழ்ப்பானையும்

காகத்துக்கு எறிந்த ஈரல்

1921இல் மண்டைதீவில் அழுங்காமை இறைச்சி சாப்பிட்டவர்களில் சிலர் இறந்துபோனார்கள். உயிரியலாளர் பி. ஈ. பி. தெரணியகல இதைப் பதிந்து வைத்திருக்கிறார். ஆமையை அறுத்ததும் ஈரலைக் காகத்துக்கு எறிந்து, காகம் தொடாவிட்டால் இறைச்சியைக் கொட்டிவிடும் வழக்கமும் முன்பு இருந்தது. காகத்தை நம்பி உயிரை வைக்க முடியாது. ஆமையிறைச்சியில் சேரும் இந்த நஞ்சு சமைத்தாலும் அழியாது. சில நாள் கழித்துக்கூட வேலையைக் காட்டும். வாந்தி, வாய் எரிவு, வாய்ப்புண், தூக்கக் கலக்கம் என்று தொடங்கி நினைவிழப்பு வரை போகும். மாற்று மருந்து இல்லை. தாய் சாப்பிட, பால் குடித்த குழந்தை இறந்ததும் வேறு நாடுகளில் நடந்திருக்கிறது. 1972 முதல் இலங்கையில் கடலாமைகளுக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. ஆனாலும் ஒளித்து விற்பவர்களும் தேடி வாங்குபவர்களும் இல்லாமல் போகவில்லை.

எல்லோருக்குமா, ஒருவருக்கா?

ஆமையிலும் பேத்தை மீனிலும் இருப்பது நஞ்சு, யாரையும் தாக்கும். ஒவ்வாமை ஆள் பார்த்து வரும். ஒரே சட்டியில் பத்துப்பேர் சாப்பிட, ஒருவருக்கு மட்டும் உதடு வீங்கும். இடையில் நின்று குழப்புவது, ஐஸ் இல்லாமல் வெயிலில் கிடந்த சூரை. அதில் ஹிஸ்டமின் சேர்ந்துவிடும். சாப்பிட்டதும் முகம் சிவந்து உடம்பு தடிக்கும். ஆகவே கூடச் சாப்பிட்டவர்களுக்கு என்ன நடந்தது என்பதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

ஒடியற்கூழ்

ஆடி விடுமுறைக்குக் கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்குக் கூழ் பெரிய புதினம். நண்டு, இறால், கணவாய், மீன் எல்லாம் ஒரே பானையில். இறால் ஒத்துவராத பிள்ளைக்கு, “இறாலை எடுத்துப்போட்டுக் குடி ராசா” என்று அம்மம்மா சொல்வது அன்பினால்தான். ஆனால் ட்ரோபோமயோசின் என்ற புரதம் கொதித்தாலும் கெடாமல் கூழில் இறங்கியிருக்கும். அதே வகைப் புரதம் நண்டிலும் உண்டு. வீட்டுத் தூசியில் வாழும் சிற்றுண்ணியிலும் கரப்பானிலும்கூட உண்டு.

உண்ணிக்கடிக்குப் பிறகு

ஆஸ்திரேலியாவில் கங்காரு இறைச்சியை ருசி பார்க்கும் நம்மவர்களுக்கு இன்னொன்று. சிலருக்கு உண்ணி கடித்தபின் ஆடு, மாடு, பன்றி, கங்காரு எனப் பாலூட்டிகளின் இறைச்சி ஒத்துக்கொள்ளாமல் போகிறது. கோழியும் மீனும் பிரச்சினையில்லை. சாப்பிட்டுப் பெரும்பாலும் 3 முதல் 6 மணி நேரம் கழித்தே ஒவ்வாமை வருவதால், பழி வேறெதன் மீதோ விழுந்துவிடும்.

மூச்சு அடைத்தால்

ஒவ்வாமையால் குரல் கம்மி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால், இலங்கையில் உடனே 1990 இலவச அம்புலன்ஸை அழையுங்கள். வழக்கமான அலர்ஜிக் குளிசை இதற்குப் போதாது. தொடையின் வெளிப்புறத் தசையில் அட்ரினலின் ஊசி போடவேண்டும். ஆளை எழுந்து நடக்க விடாதீர்கள். படுக்க வையுங்கள், மூச்சுவிடக் கஷ்டமென்றால் சாய்ந்து இருக்கட்டும். அடங்கியது சில மணி நேரத்தில் திரும்பவும் கிளம்பலாம். அதனால் வைத்தியசாலையில் மறிக்கிறார்கள் என்று சினந்து, துண்டு வெட்டிக்கொண்டு வரவேண்டாம்.