பழைய கேம் பெட்டிக்குள் ஒரு வீட்டுத் தியேட்டர்

2001-ல் வந்த முதல் எக்ஸ்பாக்ஸ் கேம் பெட்டியை மைக்ரோசாப்ட்டுக்காக மெக்சிகோவிலும் ஹங்கேரியிலும் பொருத்திக் கொடுத்தது பிளெக்ஸ்ட்ரானிக்ஸ் என்ற ஒப்பந்த உற்பத்தி நிறுவனம். இன்று ‘பிளெக்ஸ்’ என்று பெயரைச் சுருக்கிக்கொண்டுவிட்ட அதே நிறுவனத்துக்கு ஸ்ரீபெரும்புதூரில் ஆலை இருக்கிறது. எச்.பி. கம்ப்யூட்டர்கள் அங்கே தயாராகின்றன. 2023 அக்டோபரிலிருந்து குரோம்புக்குகளும். கேம் பெட்டி செய்த கை கம்ப்யூட்டர் செய்வதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. அந்த எக்ஸ்பாக்ஸே உள்ளுக்குள் ஒரு கம்ப்யூட்டர்தான்: 733 மெகாஹெர்ட்ஸ் இன்டெல் பிராசஸர், 64 எம்.பி. ராம், ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ்.

இதைக் கண்டுகொண்ட சில புரோகிராமர்கள் 2002-ல் அதன் பூட்டை உடைத்து, படமும் பாட்டும் ஓட்டும் ஒரு மென்பொருளை எழுதினார்கள். எக்ஸ்பாக்ஸ் மீடியா பிளேயர் என்று தொடங்கி, எக்ஸ்பாக்ஸ் மீடியா சென்டராக வளர்ந்து, 2014-ல் அது ‘கோடி’ என்று பெயர் மாறியது. வீட்டுத் தியேட்டர் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் பலர் இன்றும் ஓட்டுவது அதைத்தான்.

இப்போது வேலை தலைகீழாக நடக்கிறது. பழுதான கேம் பெட்டியின் உள்ளிருப்பதை எடுத்துவிட்டு, உள்ளங்கையளவு புதிய போர்டை வைத்து, அதில் கோடியை ஓட்டுகிறார்கள். இதில் கம்ப்யூட்டர் பகுதி சுலபம். சூடு, மின்சாரம், சுவிட்ச், துளைகள் என்று பெட்டி தொடர்பான நான்கும்தான் கஷ்டம். ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றி, ஒரகடத்திலிருந்து சுங்குவார்சத்திரம் வரை ஆலைகளின் எலக்ட்ரானிக்ஸ் லைனில் நிற்பவர்களுக்கு இந்த நான்கும் அன்றாடப் பேச்சு என்பதால், அவர்கள் பாதிக் கிணறு தாண்டியவர்கள்.

முதலில், உங்களுக்கு இது தேவையா?

ஓடிடி செயலிகளில் புதுப்படம் பார்ப்பது மட்டுமே நோக்கம் என்றால் இந்த வேலையில் இறங்க வேண்டாம். பெரிய ஓடிடி நிறுவனங்கள் தங்கள் படங்களை வைட்வைன் போன்ற பூட்டுடன்தான் அனுப்புகின்றன. அதன் உயர்ந்த நிலைச் சான்று பெற்ற கருவிக்கே பல செயலிகள் முழுத் தெளிவுப் படத்தைக் கொடுக்கும். நாம் கட்டும் லினக்ஸ் பெட்டிக்கு அந்தச் சான்று கிடையாது. படம் மங்கலாக வரும், அல்லது வரவே வராது. அந்தத் தேவைக்கு டிவியில் செருகும் ஸ்டிக் போதும்.

கல்யாண வீடியோ, போனில் எடுத்தவை, சொந்தமாக வாங்கிய டிவிடிகள், பாட்டுத் தொகுப்பு, பழைய விளையாட்டுகள் ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்து, நெட் இல்லாதபோதும் டிவியில் பார்க்க வேண்டும் என்பவர்களுக்கே இந்தப் பெட்டி. ஷிப்ட் மாறி மாறி வேலை செய்யும் நான்கைந்து பேர் ஓர் அறையைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில், அவரவர் பென் டிரைவைச் செருகிப் பார்க்கும் பொதுப் பெட்டியாகவும் இருக்கும்.

எந்தப் பெட்டி?

ஓடுகிற கேம் பெட்டியைக் கெடுக்காதீர்கள். முதல் எக்ஸ்பாக்ஸில் கடிகாரத்துக்கான கெபாசிட்டர் கசிந்து போர்டை அரித்துவிடுவது பேர்போன நோய். உங்களுடையது இன்னும் ஓடினால், பெரும்பாலான மாடல்களில் அந்த ஒரு கெபாசிட்டரைக் கழற்றிவிட்டால் பெட்டி பிழைத்துக்கொள்ளும். உயிர் போனதை மட்டும் கூடாக்குங்கள்.

நம் ஊரில் சுலபமாகக் கிடைக்கும் கூடு, 90-களில் சென்னை பர்மா பஜாரிலும் ஊர்க் கடைகளிலும் விற்ற ‘டிவி கேம்’. நின்டெண்டோவின் பழைய பெட்டியைப் பார்த்துச் செய்த மலிவு நகல்கள் அவை. திறந்தால் ஒரு சின்ன போர்டு, அதன் மேல் சிப்பை மூடிய கறுப்புப் பிசின் பொட்டு. மீதி பெரும்பாலும் காலி. 85-க்கு 56 மில்லிமீட்டர் அளவுள்ள ராஸ்பெர்ரி பை என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு அதற்குள் தாராளமாக உட்காரும்.

இடம் அதிகம் வேண்டுமென்றால் முதல் தலைமுறை பிளேஸ்டேஷன் 2: சுமார் 301-க்கு 182, உயரம் 78 மில்லிமீட்டர். டிவிடி டிரைவையும் போர்டையும் எடுத்துவிட்டால் சின்ன ஆபீஸ் கம்ப்யூட்டரின் போர்டே உள்ளே போகும். ஸ்க்ரூக்களையும் பார்த்துக்கொள்ளுங்கள். பிளேஸ்டேஷன் 2-க்குச் சாதாரண ஸ்டார் ஸ்க்ரூடிரைவர் போதும், முதல் எக்ஸ்பாக்ஸுக்கு டி-20, டி-10 டார்க்ஸ் வேண்டும், நின்டெண்டோவின் கேம்க்யூபுக்கு 4.5 மில்லிமீட்டர் ‘கேம்பிட்’ என்ற தனி முனை இல்லாமல் திறக்கவே முடியாது.

எந்த போர்டு?

இதற்கு மூன்று வழி இருக்கிறது. முதலாவது ராஸ்பெர்ரி பை. 2019-ல் வந்த பை 4, எச்.265 வகையில் சுருக்கிய 4கே படத்தையும் எச்.264 வகையில் சுருக்கிய 1080 படத்தையும் தன் வீடியோ சிப்பிலேயே விரிக்கும். 2023-ல் வந்த பை 5-ல் எச்.264-க்கான தனிச் சிப் பகுதியை எடுத்துவிட்டார்கள்; ஆனால் 1080 படத்தைச் சமாளிக்கும் அளவுக்குப் பிராசஸருக்குத் தெம்பு இருக்கிறது. யூடியூபின் 4கே வீடியோக்கள் வரும் விபி9, ஏவி1 வகைகளுக்கு இரண்டிலுமே சிப் உதவி இல்லை.

பை 4-க்கு இன்னொரு குணம் உண்டு. அதன் ஆடியோ துளையிலிருந்தே பழைய ஏவி ஒயர் வழியாகவும் படம் எடுக்கலாம். 2006-க்குப் பிறகு தமிழக அரசு இலவசமாகக் கொடுத்த 14 அங்குல டிவி இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் வீட்டில் இது உதவும். செட்டிங்கில் அந்த வசதியை இயக்க வேண்டும். ஒயரின் நான்கு வளையங்களும் பை-யின் வரிசையில் இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். வரிசை மாறினால் படம் இருக்க வேண்டிய பிளக்கில் சத்தம் வரும்.

இரண்டாவது வழி, அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டி கம்ப்யூட்டர். அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெருவில் தேடலாம். இன்டெல் 7-ஆம் தலைமுறை அல்லது அதற்கு மேல் என்று கேளுங்கள்; 10 பிட் எச்.265 படம் தடங்கலின்றி ஓடுவது அங்கிருந்துதான். ஏவி1 வேண்டுமென்றால் 11-ஆம் தலைமுறை. மூன்றாவது, ஸ்கிரீன் உடைந்த லேப்டாப்பின் போர்டு. செலவு குறைவு, ஆனால் அதன் வடிவம் கோணல்மாணலாக இருக்கும். வாங்கும் முன் அட்டையில் அதே அளவில் ஓர் உருவம் வெட்டிப் பெட்டிக்குள் வைத்துப் பாருங்கள்.

சூடு

பழைய விளையாட்டுப் பெட்டிகள் பல, ஃபேன் இல்லாமலே ஓடியவை. அவற்றின் சிப்கள் சூடாவது குறைவு. இன்றைய சிப் அப்படியில்லை. பை 4, 80 டிகிரியைத் தொட்டதும் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். படம் திக்கித் திக்கி நகரும்.

சிப்பின் சூடு, அறையின் சூட்டோடு சேர்ந்தே ஏறும். டிசம்பரில் 27 டிகிரி அறையில் 68 காட்டினால், கத்திரி வெயிலில் 38 டிகிரி அறையில் சுமார் 79 காட்டும். தகரக் கூரைக்குக் கீழே அதுவும் தாண்டும். குளிர்காலத்தில் ‘நன்றாக ஓடுகிறது’ என்று மூடிவிட்ட பெட்டி மே மாதம் தகராறு செய்வது இதனால்தான்.

காற்று ஒரு பக்கம் நுழைந்து, சிப்பைக் கடந்து, எதிர்ப்பக்கம் வெளியேற வேண்டும். கீழ்ப்பக்கம் நுழைவு, பின்பக்கம் மேலே வெளியேற்றம் என்று வையுங்கள். பெட்டிக்கு ரப்பர் கால் ஒட்டி ஒரு விரல் அளவு தூக்குங்கள். சிப் மேல் ஹீட் சிங்க், வெளியேறும் துளையில் 40 மில்லிமீட்டர் ஃபேன். பிளேஸ்டேஷன் 2-ல் பின்பக்க ஃபேன் ஏற்கெனவே உண்டு. அது 12 வோல்ட் ஃபேன். 5 வோல்ட்டில் மெதுவாக, சத்தமின்றிச் சுற்றலாம், சில சமயம் கிளம்பாமலே நிற்கலாம். பொருத்தும் முன் சோதியுங்கள். லாரி ஓயாத ஒரகடம் சாலையோரம் வீடு என்றால் நுழைவுத் துளையில் மெல்லிய ஸ்பாஞ்ச் வைத்து மாதம் ஒருமுறை கழுவுங்கள்.

மின்சாரம்

ஒரே விதி: 230 வோல்ட் பெட்டிக்குள் வரக் கூடாது. அடாப்டர் வெளியே இருக்கட்டும். உள்ளே 5 வோல்ட்டோ 19 வோல்ட்டோ மட்டும் வரட்டும். பை 4-க்கு 5 வோல்ட் 3 ஆம்பியர். பை 5-க்கு 5 ஆம்பியர். சாதாரண போன் சார்ஜரில் மின்னழுத்தம் இறங்கி, திரையில் மின்னல் குறி வரும். பிஐஎஸ் பதிவு எண் உள்ள அடாப்டரையே வாங்குங்கள்.

பிளேஸ்டேஷன் 2, எக்ஸ்பாக்ஸ் இரண்டின் பவர் சப்ளையும் பெட்டிக்குள்ளேயே இருப்பவை. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் பெரிய கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். ஒரு நாள் விட்டுவைத்து, சாலிடர் பக்கத்தைத் தொடாமல், ஓரத்தைப் பிடித்து அந்த போர்டை முழுதாக வெளியே எடுங்கள். புது போர்டைத் தொடும்போது நிலைமின்சாரத்தைத் தடுக்க லைனில் கட்டும் அதே இஎஸ்டி பேண்டைக் கட்டுங்கள்.

வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து யூனிட்டுக்குக் காசு வாங்கும் அறைகளில் கரண்ட் கணக்கும் வரும். பெட்டி 10 வாட் எடுக்கிறது என்றே வைத்துக்கொண்டாலும், தினம் 4 மணி நேரம் வீதம் 60 நாளுக்கு 2.4 யூனிட். அணைக்காமல் விட்டால் அதே 60 நாளில் 14.4 யூனிட்.

சுவிட்சும் துளைகளும்

டிவி கேம் பெட்டியின் பவர் சுவிட்ச், போட்டால் அப்படியே நிற்கும் வகை. கம்ப்யூட்டர் போர்டு எதிர்பார்ப்பது, அழுத்திவிட்டால் மீளும் பட்டனை. எனவே பெட்டியின் ‘ரீசெட்’ பட்டனைப் பவர் பட்டனாக்குங்கள். அது மீளும் வகைதான். பை 4-ல் 5, 6-ஆம் பின்களில் அதை இணைத்து, செட்டிங்கில் ஒரு வரி சேர்த்தால் அணைக்கவும் எழுப்பவும் அதுவே போதும். நிற்கும் சுவிட்சால் மின்சாரத்தை நேரடியாக வெட்டினால் மெமரி கார்டு ஒரு நாள் கெட்டுப்போகும். கரண்ட் அடிக்கடி போகும் இடத்தில் மெமரி கார்டைவிட யுஎஸ்பி எஸ்எஸ்டி நல்லது.

போர்டின் துளைகளைப் பெட்டியின் ஓரத்தோடு ஒட்டவைக்க முயன்றால் பெட்டி ஓட்டையாகும். பேனலில் பொருத்தும் சிறு எக்ஸ்டென்ஷன் ஒயர்களால் எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, மின்சாரம் மூன்றையும் பின்பக்கம் கொண்டுவாருங்கள். கன்ட்ரோலர் துளைகளுக்குப் பின்னே யுஎஸ்பி வைத்தால் முன்பக்க முகம் மாறாது. எக்ஸ்பாக்ஸ் போன்ற தகரக் கவசமுள்ள பெட்டிக்குள் வைஃபை திணறும். ஆன்டெனா தனியாக உள்ள போர்டு என்றால் அதை வெளியே எடுங்கள், இல்லையென்றால் லேன் ஒயர் போடுங்கள்.

பிளாஸ்டிக்கில் பழைய ஸ்க்ரூவைத் திரும்ப முறுக்கும்போது முதலில் இடப்பக்கம் திருப்புங்கள். ‘டக்’ என்று பழைய மரையில் விழுந்த பிறகு வலப்பக்கம் முறுக்கினால் மரை தேயாது.

மென்பொருளும் ரிமோட்டும்

லிப்ரெலெக் என்ற இலவச இயங்குதளம் ஆன் செய்ததும் நேரே கோடிக்குள் போய் நிற்கும். பை-க்கும் இன்டெல் போர்டுக்கும் தனித்தனிப் பதிப்பு இருக்கிறது. பழைய விளையாட்டுகளை ஓட்டும் வசதியும் கோடிக்குள்ளேயே உண்டு.

பை வைத்தால் டிவி ரிமோட்டே போதும். எச்டிஎம்ஐ ஒயர் வழியாக ரிமோட்டின் கட்டளை பெட்டிக்கு வந்துவிடும். டிவியின் செட்டிங்கில் அதை இயக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூரில் டிவி செய்யும் சாம்சங் அதை ‘எனிநெட் பிளஸ்’ என்கிறது, எல்ஜியில் ‘சிம்ப்லிங்க்’. பெரும்பாலான இன்டெல் போர்டுகளில் இந்த வசதி இல்லை. தனி ரிமோட் வாங்க வேண்டும்.

வேலையை எந்த வரிசையில் செய்வது?

போர்டு, அடாப்டர், டிவி மூன்றையும் மேசைமேல் இணைத்து ஒரு முழுப் படம் ஓட்டிப் பாருங்கள். கோடியின் சிஸ்டம் பக்கத்தில் தெரியும் சூட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அதன் பிறகே பெட்டியை அளந்து வெட்டுங்கள். எல்லாம் உள்ளே போனதும், கடைசி ஸ்க்ரூக்களுக்கு முன், மூடியை வைத்து மதிய வெயில் நேரத்தில் இரண்டு மணி நேரம் ஓட விடுங்கள். ஆலையில் பர்ன்-இன் டெஸ்ட் என்று செய்வது இதைத்தான். மேசையில் கண்டதைவிட 10 டிகிரிக்கு மேல் கூடியிருந்தால் காற்றுக்கு வழி போதவில்லை. இன்னும் நாலு துளை போடுங்கள்.

கழற்றிய பழைய போர்டில் ஈயம் இருக்கும். குப்பையோடு எரிக்கக் கூடாது. 2023 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ள மின்கழிவு விதிகளின்படி பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் சேர வேண்டிய பொருள் அது. ஆனால் அதில் உள்ள கன்ட்ரோலர் சாக்கெட்டையும் டிவிடி டிரைவையும் கேட்டு, அதே மாடல் பெட்டியைப் பழுதுபார்க்கும் ஒருவர் அலைந்துகொண்டிருக்கலாம். ரிச்சி தெருவில் ஒரு வார்த்தை விசாரித்துவிட்டு, ஆள் இல்லையென்றால் கழிவுக்கு அனுப்புங்கள்.