முதலில் யாருக்குப் பட்டுவாடா?
கடன் கொடுத்த நாடுகளின் வரிசையும் நமக்கொரு பாடமும்

நொடித்துப்போகும் நிலையில் உள்ள ஒரு மளிகைக் கடைக்காரரை எண்ணிப் பாருங்கள். அரிசி மண்டிக்குப் பாக்கி, எண்ணெய் மொத்த வியாபாரிக்குப் பாக்கி, வங்கிக்குத் தவணை, தண்டல்காரருக்கு அன்றாடப் பணம். கல்லாவில் இருப்பதோ எல்லோருக்கும் போதாது. அவர் யாருக்கு முதலில் கொடுப்பார்? நாளைக் காலையில் மூட்டை இறக்க வேண்டிய மண்டிக்குத்தான். மண்டிக்காரரும் கையை விரித்துவிட்டால் கடையே இல்லை.

எந்தப் பத்திரத்திலும் எழுதாத இந்த வரிசை நம் கடைத்தெருவில் மட்டுமல்ல, நாடுகளுக்கு இடையிலும் உண்டு. வணிகர்களாகிய நாம் அதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

முதல் பந்தியில் யார்?

ஒரு நாடு கடனைக் கட்ட முடியாமல் திணறும்போது சர்வதேச நிதியம், உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி ஆகியவற்றின் கடன் மட்டும் தடையின்றித் திருப்பிச் செலுத்தப்படுகிறது. இதற்கு ‘முன்னுரிமைக் கடனீந்தோர்’ என்ற தகுதி என்று பெயர். இது பெரும்பாலும் சட்டத்தால் வந்ததல்ல, வழக்கத்தால் வந்தது. வேறு யாரும் கொடுக்காத வேளையில், குறைந்த வட்டியில் கொடுப்பவர்கள் இவர்களே. அந்தக் கதவும் மூடிவிடக் கூடாது என்பதால் மற்றவர்கள் இவர்களை முன்னே விடுகிறார்கள்.

ஏற்றுமதிக் கடன் வங்கிகளின் நிலை வேறு. நம் நாட்டின் எக்சிம் வங்கி 1982-ல் தொடங்கப்பட்டது. இலங்கையில் ஓமந்தை முதல் காங்கேசன்துறை வரை போரில் அழிந்த ரயில் பாதையை இந்திய அரசு நிறுவனமான இர்கான் மீண்டும் அமைத்தது. அதற்கான கடனை எக்சிம் வங்கி வழங்கியது. 2014-ல் யாழ்ப்பாணத்துக்கு மீண்டும் ரயில் ஓடியது. வேலை செய்த நிறுவனத்துக்குப் பணம் கிடைத்துவிடும்; கடன் மட்டும் இலங்கை அரசின் பேரேட்டில் பற்றாக நிற்கும். சீனாவின் எக்சிம் வங்கி புத்தளம் மாவட்டத்து நுரைச்சோலை அனல்மின் நிலையத்துக்குக் கடன் கொடுத்ததும் இதே முறையில்தான்.

இலங்கையில் நடந்தது என்ன?

2022 ஏப்ரல் 12-ம் தேதி இலங்கை அரசு வெளிநாட்டுக் கடன்களைக் கட்டுவதை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. உலக வங்கிக்கும் ஆசிய வளர்ச்சி வங்கிக்கும் செலுத்துவது மட்டும் தொடர்ந்தது. இந்தியா, ஜப்பான், சீனா ஆகிய நாடுகளின் கடன்கள் நின்றன. ஒரே நாட்டில், ஒரே துறையில் இருவர் சேர்ந்து கடன் கொடுத்திருந்தாலும் ஒருவருக்குப் பணம் வந்தது, மற்றவர் காத்திருந்தார்.

காத்திருந்தவர்களுக்கும் ஒரு பிடி இருந்தது. கடன் கொடுத்த நாடுகள் சலுகை தருவோம் என்று உறுதி கூறினால்தான் நிதியம் புதுக் கடன் தரும். 2023 ஜனவரியில் இந்தியா முதலில் உறுதிக் கடிதம் கொடுத்தது. மார்ச்சில் சீன எக்சிம் வங்கியின் உறுதியும் வந்தது. அந்த மாதமே சுமார் 300 கோடி டாலர் நிதியக் கடன் அனுமதிக்கப்பட்டது. பிறகு இந்தியா, ஜப்பான், பிரான்சு ஆகிய மூன்றும் தலைமை வகித்த குழு ஒருபுறமும், சீன எக்சிம் வங்கி தனியாக மறுபுறமும் பேச்சு நடத்தின. 2024 ஜூன் 26-ல் இரு தரப்புடனும் உடன்பாடு கையெழுத்தானது. குழுவின் கடன் மட்டும் 580 கோடி டாலர். 2028 வரை அசல் தவணை இல்லை. 2043 வரை கட்டி முடிக்கலாம். ரயில் பாதைக்குக் கொடுத்த கடன் திரும்ப ஒரு தலைமுறைக் காலம் ஆகும் என்பதே இதன் பொருள்.

பின் வரிசையில் நிற்போரின் தற்காப்பு

இந்த நிலை தெரிந்தே ஏற்றுமதிக் கடன் நிறுவனங்கள் சில ஏற்பாடுகளைச் செய்து கொள்கின்றன. முதலாவது, பாரிஸ் கிளப் போன்ற கூட்டத்தில் ஒன்றாக உட்கார்ந்து பேசுவது. 1956-ல் அர்ஜென்டினா கடனுக்காகத் தொடங்கிய இந்த அமைப்பின் முக்கிய விதி, ஒருவருக்குக் கொடுக்கும் சலுகைக்கு ஈடாக மற்றவரிடமும் கேட்க வேண்டும் என்பது. இரண்டாவது, திட்டத்தின் வருமானம் தனிக் கணக்கில் விழுந்து, அதிலிருந்து தவணை போகும்படி ஒப்பந்தம் செய்வது. மூன்றாவது, வேறொருவருக்குப் புதிதாக ஈடு கொடுத்தால் நமக்கும் அதே ஈடு வேண்டும் என்று நிபந்தனை போடுவது.

உலக வங்கிக் குழுமத்தின் சர்வதேச நிதிக் கழகம் தன் குடையின் கீழ் தனியார் வங்கிகளைச் சேர்த்துக் கடன் கொடுப்பதுண்டு. அந்தக் குடைக்குள் ஏற்றுமதிக் கடன் நிறுவனங்களுக்கு இடமில்லை. அவை பக்கத்தில் தனி ஒப்பந்தம் போட்டுத்தான் கடன் தருகின்றன.

முன்னுரிமை என்பது நாமே சூட்டிக்கொள்ளும் பட்டமும் அல்ல. 1993-ல் தொடங்கிய ஆப்பிரிக்க ஏற்றுமதி இறக்குமதி வங்கி, தன்னை நிறுவிய ஒப்பந்தப்படி தனக்கு அந்தத் தகுதி உண்டு என்றது. கடன் கட்ட முடியாமல் போன கானாவும் ஜாம்பியாவும் அதை ஏற்கவில்லை. 2025 ஜூனில் ஃபிட்ச் நிறுவனம் அந்த வங்கியின் தர மதிப்பீட்டை ஒரு படி குறைத்தது.

நமக்கு என்ன பயன்?

சரக்கு விற்ற குறுகிய காலக் கடனைப் பாரிஸ் கிளப் பொதுவாகத் தொடுவதில்லை. அதையும் நிறுத்தினால் அடுத்த கப்பல் வராது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் அந்நியச் செலாவணி இல்லாத நாட்டில் பணம் வர மாதக்கணக்கில் தாமதமாகலாம். வெளிநாட்டுக்கு வெங்காயமும் மிளகாயும் அனுப்பும் அன்பர்கள், சரக்கை ஏற்றுமுன் இ.சி.ஜி.சி. காப்பீடோ, உறுதி செய்யப்பட்ட வங்கிக் கடன் கடிதமோ பெறுவது அவசியம்.

உள்நாட்டு வியாபாரத்திலும் இதே கதைதான். 2016-ம் ஆண்டின் திவால் சட்டப்படி ஒரு கம்பெனி கலைக்கப்பட்டால் ஈடு பெற்ற வங்கியும் தொழிலாளர்களும் முன்னே. ஈடின்றிச் சரக்குக் கொடுத்த நாம் வெகு பின்னே. ஆகவே பெரிய கம்பெனிக்குக் கடனில் சரக்குப் போடுமுன், அது எவ்வளவு வாங்குகிறது என்று மட்டும் பார்க்காதீர்கள். அதற்கு ஏற்கனவே யார் யார் கடன் கொடுத்திருக்கிறார்கள், அந்த வரிசையில் நம் இடம் எது என்றும் கேளுங்கள். பின்வரிசை என்று தெரிந்தால் கடன் அளவைக் குறையுங்கள், நாளைச் சுருக்குங்கள். எக்சிம் வங்கிக்கு ஒரு அரசாங்கம் பின்னால் நிற்கிறது. நமக்கு நம் கல்லாதான்.