60 வருஷம் தாண்டியும் பழசாகாத ‘எ ஹார்ட் டேஸ் நைட்’: பீட்டில்ஸின் முதல் படத்தில் அப்படி என்னதான் இருக்கு?

பாட்டு ஆல்பம் விற்பதற்காக அவசர அவசரமாக எடுக்கப்பட்ட ஒரு கறுப்பு வெள்ளை காமெடி, உலக சினிமாப் பட்டியல்களில் இன்றும் எப்படி இடம்பிடிக்கிறது? ஒரு விளக்கம்.

ஒரு சினிமா கம்பெனி, படத்தைவிடப் பாட்டு ஆல்பத்தை மனதில் வைத்துப் படத்துக்குப் பணம் போட்டால் என்ன ஆகும்? 1964-ல் யுனைடெட் ஆர்டிஸ்ட்ஸ் செய்தது அதைத்தான். லிவர்பூலைச் சேர்ந்த நான்கு இளைஞர்களின் இசைக்குழு பிரிட்டனையே உலுக்கிக்கொண்டிருந்தது. அவர்களை வைத்து ஒரு படம் எடுத்துவிட்டால், அதன் பாட்டுகளை அமெரிக்காவில் சொந்த லேபிளில் வெளியிடலாம். அதுதான் கணக்கு. இந்த மோகம் எத்தனை நாள் தாங்கும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் வேகமாக எடு, மலிவாக எடு, சீக்கிரம் ரிலீஸ் செய்.

அந்தப் படம்தான் ‘எ ஹார்ட் டேஸ் நைட்’. அன்று அதைக் காப்பாற்ற வேண்டியிருந்த பாட்டுகள் இன்றும் ஒலிக்கின்றன, சரி. ஆனால், படமும் சேர்ந்து ஏன் நிலைத்தது? “பீட்டில்ஸ் இருக்காங்க, அதான்” என்று ஒரே வரியில் முடித்துவிடலாம்தான். ஆனால், அந்தப் பதில் போதாது. அதே பீட்டில்ஸ் நடித்த மற்ற படங்களுக்கு இந்த அந்தஸ்து கிடைக்கவில்லையே!

முதலில், கதை என்ன?

கதை என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஜான் லென்னன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், ரிங்கோ ஸ்டார் நால்வரும் ரயிலேறி லண்டன் போகிறார்கள். டி.வி. நிகழ்ச்சி ஒன்றில் பாட வேண்டும். கூடவே பாலின் தாத்தா வருகிறார். சண்டை மூட்டிவிடுவதில் மனிதர் கெட்டிக்காரர். அவர் பேச்சைக் கேட்டு ரிங்கோ நிகழ்ச்சிக்குச் சற்று முன்பு கிளம்பிப் போய்விடுகிறார். மற்றவர்கள் தேடிப் போகிறார்கள். நிகழ்ச்சி நடக்குமா, நடக்காதா? அவ்வளவுதான். நால்வரும் நடித்தது தங்களாகவே.

இது அன்று சாதாரண விஷயம் இல்லை. பாப் பாடகர் நடிக்கும் படம் என்றால் ஒரு கற்பனைப் பாத்திரம், ஒரு காதல், நடுநடுவே பாட்டு என்று ஒரு ஃபார்முலா இருந்தது. எல்விஸ் பிரெஸ்லி இப்படி 31 படங்களில் நடித்தார். பீட்டில்ஸ் படத்தில் காதல் கதையே கிடையாது.

எண்களில் பார்த்தால்...

● பட்ஜெட்: சுமார் 2 லட்சம் பவுண்டு. அன்றைய கணக்கிலும் சின்னத் தொகைதான்.

● படப்பிடிப்பு: 1964 மார்ச் 2-ல் தொடங்கி ஏப்ரல் 24-ல் முடிந்தது. எட்டு வாரத்துக்கும் குறைவு.

● லண்டன் பெவிலியன் தியேட்டரில் முதல் காட்சி: ஜூலை 6. அதாவது கடைசி ஷாட்டுக்கும் ரிலீஸுக்கும் இடையே பத்து வாரம்தான்.

● நீளம்: 87 நிமிடம்.

● ஆல்பம்: பிரிட்டனில் ஜூலை 10-ல் வெளியானது. 13 பாட்டுகள். அத்தனையும் லென்னன் - மெக்கார்ட்னி எழுதியவை. பீட்டில்ஸின் வேறெந்த ஆல்பத்துக்கும் இந்தப் பெருமை இல்லை.

● ஆஸ்கர் பரிந்துரை: இரண்டு. ஒன்று ஆலன் ஓவனின் திரைக்கதைக்கு, இன்னொன்று ஜார்ஜ் மார்ட்டினின் இசைக்கு.

இந்தப் பட்டியலில் இன்னொரு தேதியையும் வையுங்கள். படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே, 1964 ஏப்ரல் 4 அன்று, அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதல் ஐந்து இடங்களையும் பீட்டில்ஸ் பாட்டுகளே பிடித்திருந்தன. அதாவது, “மோகம் அடங்குவதற்குள் முடித்துவிடுவோம்” என்று தொடங்கிய படம், மோகம் உச்சத்துக்குப் போகும் வாரங்களிலேயே எடுக்கப்பட்டது.

பேரம் பேசுவதில் சறுக்கிய கதை ஒன்றும் இதில் உண்டு. பீட்டில்ஸின் மேனேஜர் பிரையன் எப்ஸ்டீனுக்கு லாபத்தில் 25 சதவீதம் வரை கொடுக்கத் தயாரிப்புத் தரப்பு தயாராக இருந்ததாம். அவர் முந்திக்கொண்டு “ஏழரை சதவீதத்துக்குக் கீழே பேச்சே இல்லை” என்று கறாராகச் சொன்னார் என்பது பலமுறை பதிவான கதை. சம்பளப் பேச்சில் முதல் எண்ணை யார் சொல்வது என்று யோசிக்கும் எல்லோரும் இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளலாம்.

காசு இல்லாததே பலமானது எப்படி?

இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர் அமெரிக்காவில் பிறந்து லண்டனில் டி.வி.யிலும் விளம்பரத்திலும் வேலை பார்த்தவர். காமெடி நடிகர்கள் பீட்டர் செல்லர்ஸ், ஸ்பைக் மில்லிகனை வைத்து 1959-ல் அவர் எடுத்த 11 நிமிடக் குறும்படம் பீட்டில்ஸுக்குப் பிடித்திருந்தது. அவருக்கு முன்னால் இருந்த பிரச்சினைகள் மூன்று.

முதலாவது, கலர் ஃபிலிமுக்குப் பணம் இல்லை. சரி, கறுப்பு வெள்ளையிலேயே எடுப்போம் என்றார்கள். ஒளிப்பதிவாளர் கில்பர்ட் டெய்லர். பிற்பாடு ‘ஸ்டார் வார்ஸ்’ முதல் படத்தைப் படம் பிடித்தவர் இவரே. கேமராவைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்து எடுத்தார்கள். விளைவு, படம் ஒரு நியூஸ் ரீல் மாதிரி, ஆவணப்படம் மாதிரி இருக்கிறது. அன்றைய பல கலர் படங்கள் இன்று பழசாகத் தெரிகின்றன. இது ஏதோ ஒரு காலத்தின் நேரடிப் பதிவு போல நிற்கிறது.

இரண்டாவது, நால்வரும் நடிகர்கள் இல்லை. திரைக்கதை எழுதிய ஓவன், லிவர்பூலில் வளர்ந்தவர். சில நாட்கள் அவர்களோடு சுற்றினார். எப்படிப் பேசுகிறார்கள், எப்படி ஒருவரை ஒருவர் கலாய்க்கிறார்கள் என்று கவனித்தார். ஒருவருக்கும் நீள வசனம் கொடுக்கவில்லை. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. நடிக்கத் தெரியாதவர்களைக் காப்பாற்றச் செய்த இந்த ஏற்பாடுதான் படத்தின் காமெடி வேகத்தையே தீர்மானித்தது. நாலு நண்பர்களின் வாட்ஸ்அப் குரூப் மாதிரி பதிலடி பறந்துகொண்டே இருக்கும்.

மூன்றாவது, திரும்ப எடுக்க நேரம் இல்லை. படத்தின் முதல் காட்சியில் ரசிகைகள் துரத்த நால்வரும் ஓடுகிறார்கள். ஜார்ஜ் கால் இடறி நிஜமாகவே விழுகிறார். ரிங்கோவும் கூடவே விழுகிறார். ஜான் திரும்பிப் பார்த்துச் சிரிக்கிறார். லெஸ்டர் அதை வெட்டாமல் அப்படியே வைத்துக்கொண்டார். ரிங்கோ ஆற்றங்கரையில் தனியாக அலையும் காட்சி இன்னும் சுவாரஸ்யம். முந்தைய ராத்திரி பார்ட்டி, தூக்கமே இல்லை, வசனம் பேசும் நிலையில் அவர் இல்லை. பேசாமல் நடக்கவிட்டே எடுத்தார்கள். விமர்சகர்கள் ரிங்கோவை நல்ல நடிகர் என்று பாராட்டியது அந்தக் காட்சியைப் பார்த்துத்தான்!

அந்த முதல் ஒலி: கணிதம் தேவைப்பட்ட ஒரு கிட்டார் கார்டு

டைட்டில் பாட்டு ஒரே ஒரு ‘ஜ்ஜாங்’ ஒலியோடு தொடங்கும். படமும் அதோடுதான் தொடங்குகிறது. ரிங்கோ உளறிய ஒரு சொற்றொடர் தலைப்பாகிவிட்டது, தலைப்புக்கு ஒரு பாட்டு வேண்டும் என்றார்கள். லென்னன் எழுதிக்கொண்டு வந்தார். 1964 ஏப்ரல் 16 அன்று ஒன்பது டேக்கில் பதிவு முடிந்தது.

அந்த முதல் ஒலியில் என்னென்ன ஸ்வரங்கள் இருக்கின்றன என்று கிட்டார் வாசிப்பவர்கள் பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். கனடாவின் டல்ஹவுசி பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் ஜேசன் பிரவுன், ஃபூரியே பகுப்பாய்வைக் கையில் எடுத்தார். கலந்து ஒலிக்கும் ஒரு சத்தத்தைத் தனித்தனி அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் கணக்கு அது. உங்கள் போனில் பாட்டுக் கோப்புகள் சுருங்கி உட்கார்ந்திருப்பதற்கும் இதே குடும்பத்துக் கணக்குதான் காரணம். அவர் வந்து சேர்ந்த முடிவு: ஹாரிசனின் 12 தந்தி கிட்டார், லென்னனின் கிட்டார், மெக்கார்ட்னியின் பேஸ் மட்டும் போதாது. உள்ளே பியானோவும் இருக்கிறது. வாசித்தவர் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின்.

அந்த 12 தந்தி ரிக்கன்பேக்கர் கிட்டாரைத் திரையில் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் ரோஜர் மெக்குவின் தானும் ஒன்று வாங்கினார். அவருடைய ‘தி பேர்ட்ஸ்’ குழுவின் அடையாளமே அந்த ஒலி ஆனது.

சரி, காமெடிக்குள் என்ன இருக்கு?

இங்கேதான் படம் உங்களுக்கும் எனக்கும் நெருக்கமாகிறது. அடிப்படையில் இது வேலை பற்றிய படம்.

நால்வரும் எங்கே இருக்கிறார்கள் என்று கவனியுங்கள். ரயில் பெட்டி. கார். ஹோட்டல் அறை. மேக்கப் அறை. மறுபடி கார். ஊர் பார்க்கலாம் என்று கிளம்பி வந்த தாத்தாவே இதைச் சொல்லிப் புலம்புகிறார், இதுவரை பார்த்ததெல்லாம் அறைகளும் வண்டிகளும்தான் என்று. மேனேஜர் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தபடி விரட்டிக்கொண்டே இருக்கிறார். வந்து குவிந்த ரசிகர் கடிதங்களுக்குப் பதில் எழுதாமல் வெளியே போகக் கூடாது என்கிறார்.

அதனால்தான் ‘கான்ட் பை மீ லவ்’ காட்சி இவ்வளவு பிரபலம். அவசரப் படிக்கட்டு வழியே தப்பி நால்வரும் ஒரு வெட்டவெளி மைதானத்துக்கு ஓடுகிறார்கள். குதிக்கிறார்கள், உருளுகிறார்கள். கேமரா ஹெலிகாப்டரில் இருந்து பார்க்கிறது. காட்சி சில இடங்களில் வேகமாகவும் சில இடங்களில் மெதுவாகவும் ஓடுகிறது. யாரும் வாயசைக்கவில்லை, கையில் கிட்டார் இல்லை. பாட்டு ஒருபக்கம் ஓட, படம் தன் பாட்டுக்கு ஓடுகிறது. கொஞ்ச நேரம்தான். உடனே ஒருவர் வந்து, இது தனியார் இடம், கிளம்புங்கள் என்கிறார். டீ பிரேக் முடிந்தது!

இன்னொரு காட்சி, மார்க்கெட்டிங்கில் இருப்பவர்கள் தவறவிடக் கூடாதது. ஜார்ஜ் வழிதவறி ஒரு ஆபீஸுக்குள் போய்விடுகிறார். அங்கே இளைஞர்களுக்கு அடுத்த ட்ரெண்டைத் தீர்மானிக்கும் வேலை நடக்கிறது. வந்திருப்பது யாரென்று தெரியாமல், சில சட்டைகளைக் காட்டிக் கருத்துக் கேட்கிறார் அதிகாரி. சகிக்கவில்லை என்கிறார் ஜார்ஜ். இளைஞர்களின் முகமாக அவர்கள் முன்னிறுத்தும் டி.வி. பெண்ணைப் பார்த்து நாங்கள் சிரிப்போம் என்றும் சொல்கிறார். அவரைத் துரத்திய பிறகு அதிகாரிக்கு ஒரு சந்தேகம்: இவன் ஒருவேளை அடுத்த ட்ரெண்டின் அறிகுறியோ? ஓடிப்போய் காலண்டரைப் பார்க்கிறார். ட்ரெண்ட் மாற இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அப்பாடா என்று நிம்மதி! இன்ஃப்ளூயன்சர், டார்கெட் ஆடியன்ஸ் என்ற சொற்கள் ஆபீஸ் மீட்டிங்குகளுக்குள் நுழைவதற்குப் பல வருஷம் முன்பே எழுதப்பட்ட காட்சி இது.

முடிவையும் பாருங்கள். டி.வி. நிகழ்ச்சி வெற்றி. கொண்டாட்டம் இல்லை. நேராக ஹெலிகாப்டர். நள்ளிரவில் வேறு ஊரில் அடுத்த நிகழ்ச்சி காத்திருக்கிறது.

அடுத்த படம் ஏன் இப்படி அமையவில்லை?

ஒப்பிடுவதற்கு வசதியாக, அடுத்த வருஷமே ஒரு படம் வந்தது. 1965-ன் ‘ஹெல்ப்!’. அதே இயக்குநர், அதே நால்வர். இந்த முறை கலர், பெரிய பட்ஜெட், பஹாமாஸ், ஆஸ்திரியா என்று வெளிநாட்டுப் படப்பிடிப்பு. வசூல் நன்றாகவே இருந்தது. ஆனால், காளி வழிபாட்டைக் கேலிச் சித்திரமாக்கிய ஒரு நரபலிக் கூட்டம் ரிங்கோவின் மோதிரத்தைத் துரத்தும் கதையில் நால்வரும் பொம்மைகளாகிவிட்டார்கள். அவர்களின் உண்மையான நாள் எப்படி இருந்தது என்பது அதில் இல்லை. இந்தியர்களுக்கு அந்தச் சித்தரிப்பு இன்று உறுத்தும். ஒரு விநோதம்: அதே படத்தின் படப்பிடிப்பில்தான் ஹாரிசன் முதன்முதலில் சிதாரைக் கையில் எடுத்தார். அந்த ஆர்வம்தான் அவரைப் பிறகு பண்டிட் ரவிசங்கரிடம் கொண்டுபோய்ச் சேர்த்தது.

குறையே இல்லையா?

இருக்கிறது. படத்தில் பெண்கள் பெரும்பாலும் அலறும் கூட்டம்தான். வாய் திறந்து பேசுபவர்கள் குறைவு. ஜான் லென்னனுக்கு அப்போதே திருமணமாகி ஒரு குழந்தையும் இருந்தது. படத்தில் அந்த வாழ்க்கைக்கு இடமே இல்லை. மேனேஜர் எப்ஸ்டீனும் இல்லை, அவருக்குப் பதில் ஒரு கற்பனைப் பாத்திரம். ஆக, ஆவணப்படம் போலத் தெரிந்தாலும் இது கவனமாகச் செதுக்கிய விளம்பர பிம்பமும்கூட. ‘குறும்புக்கார ஜான், அமைதியான ஜார்ஜ், தனிமையான ரிங்கோ’ என்ற முத்திரைகளை உலகம் முழுக்கப் பரப்பியதில் இந்தப் படத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த முத்திரைகளிலிருந்து வெளியே வர நால்வரும் பின்னாளில் படாத பாடு பட்டார்கள்.

இதன் வாரிசுகள் யார்?

1966-ல் அமெரிக்க டி.வி.யில் வந்த ‘தி மங்கீஸ்’ தொடர் நேரடி வாரிசு. 1997-ன் ‘ஸ்பைஸ் வேர்ல்ட்’ இன்னொன்று. 1981-ல் எம்.டி.வி. வந்தபோது, பாட்டின் தாளத்துக்கு ஏற்பக் காட்சியை வெட்டும் முறைக்கு லெஸ்டர்தான் முன்னோடி என்று கொண்டாடினார்கள். ‘எம்.டி.வி.யின் தந்தை’ என்று அவரை அழைத்தபோது, அதற்கு முதலில் ரத்தப் பரிசோதனை செய்து பார்க்க வேண்டும் என்று அவர் கிண்டலடித்ததாகச் சொல்வார்கள். இன்று நீங்கள் ஸ்க்ரோல் செய்யும் ரீல்ஸில், ஆள் வாயசைக்காமல் பாட்டு மட்டும் ஓட, காட்சிகள் தாளத்துக்கு மாறுகின்றன அல்லவா? அதன் பழைய உறவினர் அந்த மைதானக் காட்சி.

இன்று பார்க்க உட்கார்ந்தால்...

ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு பாருங்கள். படம் வெளியாகி இரண்டு வருஷம் சற்றே தாண்டிய நிலையில், 1966 ஆகஸ்ட் 29 அன்று, சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க்கில் பீட்டில்ஸ் தங்கள் கடைசி டிக்கெட் கச்சேரியை முடித்துக்கொண்டார்கள். ஊர் ஊராகப் போனது போதும், அலறலில் தாங்கள் வாசிப்பது தங்களுக்கே கேட்கவில்லை என்று மேடையை விட்டு இறங்கினார்கள். அப்போது நால்வருக்கும் வயது முப்பதைத் தொடவில்லை. அதன் பிறகு ஸ்டுடியோவில் உட்கார்ந்து, அவர்கள் நினைத்த நேரத்தில், நினைத்த மாதிரி வேலை செய்தார்கள்.

1964-ல் அவர்கள் சிரித்துக்கொண்டே ஓடுவதைப் பார்க்கும்போது, எதிலிருந்து ஓடினார்கள் என்பது இந்தத் தேதியை வைத்துப் பார்த்தால் புரியும். இந்த வாரம் உங்கள் காலண்டரில் 87 நிமிடம் காலியாக இருந்தால், அதில் மீட்டிங் எதுவும் விழுவதற்குள் இந்தப் படத்தைப் போட்டுவிடுங்கள்.