உருவகப் பொருளுணர்வும் வலப்பக்க மூளையும்

முன்னுரை

'கடன் கழுத்தை நெரிக்கிறது' என்னும் தொடரைக் கேட்பவர் அணியிலக்கணத்தை நினைப்பதில்லை. பொருளோ உடனே விளங்கிவிடுகிறது. இத்தகைய தொடரை மூளை எவ்வாறு பொருள்கொள்கிறது என்பது நரம்பியல் மொழியியலின் முதன்மை வினாக்களுள் ஒன்று. உருவகத்தை உணர்வது வலப்பக்க மூளையே என்னும் கருத்து இன்றும் ஐயமின்றி எடுத்தாளப்படுகிறது. அதற்கான சான்றுகளின் வலிமையை இக்கட்டுரை ஆராய்கிறது.

நேர்ப்பொருளின் முதன்மை

கேட்பவர் முதலில் நேர்ப்பொருளைக் கொண்டு, அது பொருந்தாதவிடத்தே உருவகப் பொருளை நாடுகிறார் என்பது பழைய கொள்கை. சாம் குளுக்ஸ்பெர்க்கும் உடனாய்வாளரும் 1982இல் வெளியிட்ட சோதனை இதனை அசைத்தது. வாக்கியம் நேர்ப்பொருளில் உண்மையா, பொய்யா என்று மட்டுமே கூறுமாறு பங்கேற்பாளர் பணிக்கப்பட்டனர். 'சில வேலைகள் சிறைகள்' போன்றவற்றைப் பொய்யென மறுக்க, உருவகப் பொருள் தராத பொய்வாக்கியங்களுக்கு ஆனதைவிடக் கூடுதல் நேரம் ஆயிற்று. வேண்டாதபோதும் உருவகப் பொருள் தானே எழுந்து குறுக்கிட்டது.

வலப்பக்கச் சான்றும் அதன் எல்லையும்

வலப்பக்கக் கருத்தின் ஊற்று, எலன் வின்னரும் ஹோவர்ட் கார்ட்னரும் 1977இல் வெளியிட்ட ஆய்வு. 'கனத்த இதயம்' என்னும் தொடர் அமைந்த வாக்கியத்திற்குப் பொருந்தும் படத்தை நோயாளிகள் தேர்ந்தெடுக்க வேண்டும். வலப்பக்க மூளை பாதிக்கப்பட்டோர், அழும் மனிதரின் படத்தோடு, பெரிய இதயத்தைச் சுமந்து தள்ளாடுபவரின் படத்தையும் பலமுறை தேர்ந்தனர். ஆயினும் அதே தொடரின் பொருளை வாய்மொழியாகக் கேட்டபோது அவர்களுட் பலர் சரியாகவே விளக்கினர். பின்வந்த மேற்கோள்களில் பெரிதும் விடுபட்டுப்போவது இச்செய்தியே. இழந்தது உருவக உணர்வா, பொருளைப் படத்தோடு இணைக்கும் திறனா என்னும் வினா அங்கேயே எழுகிறது.

1994இல் போத்தினி குழுவினரின் மூளைப் படிம ஆய்வு வலப்பக்கத்திற்கு ஆதரவளித்தது. 2004இல் ராப் குழுவினர், ஒரே அமைப்புடைய எளிய ஜெர்மானிய வாக்கியங்களைக் கொண்டு ஆராய்ந்தபோது, உருவகத்திற்கெனக் கூடுதலாக இயங்கியது இடப்பக்கக் கீழ்நெற்றி மடிப்பு முதலிய பகுதிகளே. இம்முரணுக்குச் சொற்பழக்கமே காரணமாகலாம். மஷால், ஃபவுஸ்ட் முதலியோர் ஹீப்ரு மொழிச் சொல்லிணைகளில் நிகழ்த்திய ஆய்வுகளில், வழக்கில் ஊறிய உருவகங்களைவிடப் புத்துருவகங்களே வலப்பக்கப் பொட்டுமடலின் பின்பகுதியை மிகுதியாகத் தூண்டின. எனவே வலப்பக்கம் ஈடுபடுவது உருவகத்தின் பொருட்டன்று, தொலைவிலுள்ள இருபொருள்களைப் புதிதாக இணைக்கவேண்டியதன் பொருட்டு என்று கொள்வதே பொருத்தம்.

தமிழ்த்தொகைகள் தரும் வாய்ப்பு

ஆங்கிலத்தில் உவமையையும் உருவகத்தையும் ஒப்பிடும்போது உவமச்சொல்லின் வரவே வாக்கிய அமைப்பை மாற்றிவிடுகிறது. தமிழில் 'மலர்முகம்' உவமைத்தொகை, 'முகமலர்' உருவகம். சொற்கள் இரண்டும் அவையே. வரிசை மட்டுமே வேறு. உவமைக்கும் பொருளுக்கும் இடையிலான வேற்றுமையை நீக்குவதே உருவகம் எனத் தண்டியலங்காரம் வகுத்த எல்லையை ஆய்வகத்தில் அளந்தறிய இவ்விணைகள் இடந்தருகின்றன.

இதில் இரு இடர்கள் உண்டு. 'முகமலர்' போன்றவை இலக்கியம் பயின்றோர்க்குத் தேய்ந்த வழக்குகள், பயிலாதார்க்கோ அரியவை. ஆகவே பங்கேற்பாளரின் இலக்கியப் பயிற்சியை முன்னரே அளந்து, புதிதாக ஆக்கிய தொகைகளையும் சேர்த்தாக வேண்டும். மற்றொன்று, சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிநொடியில் உச்சமடையும் மூளை மின்னலை, அச்சொல்லின் இயல்புக்கேற்பவும் வேறுபடும். உவமைத்தொகை 'முகம்' என முடிய, உருவகம் 'மலர்' என முடிவதால், இவ்வீற்றுச் சொற்களைத் தொகையல்லாத தொடர்களிலும் தனியே அளந்த பின்னரே ஒப்பீடு செல்லுபடியாகும்.