கூடித் தைக்கும் போர்வை

அமெரிக்காவில் தையலில் ஆர்வமுள்ள பெண்களிடையே ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை வீட்டுப் பொறுப்புகளை மற்றவர்களிடம் ஒப்படைத்துவிட்டு, தையல் மெஷினையும் ஒரு பை நிறையத் துணித் துண்டுகளையும் எடுத்துக்கொண்டு புறப்படுகிறார்கள். ஒரு மண்டபத்திலோ தங்குமிடத்திலோ சிநேகிதிகளுடன் ஞாயிறு வரை தங்கி, துண்டுகளை இணைத்துப் போர்வை தைக்கிறார்கள். கை தைக்க, வாய் கதைக்கும்.

இது வசதி உள்ளவர்களின் பொழுதுபோக்காகத் தோன்றலாம். ஆனால், எதுவும் இல்லாத பெண்களும் நெடுங்காலமாக இப்படிக் கூடித் தைத்தே தம் பிள்ளைகளைக் குளிரிலிருந்து காத்தார்கள். அலபாமா மாநிலத்திலுள்ள ஜீஸ் பென்ட் என்ற சிற்றூரின் பெண்கள் அவர்களில் முக்கியமானவர்கள்.

ஆற்று வளைவில் ஓர் ஊர்

மூன்று பக்கமும் அலபாமா ஆறு வளைந்தோடும் ஊர் இது. இங்கு வாழ்பவர்களில் பெரும்பாலோர், பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக உழைத்த கறுப்பின மக்களின் வழிவந்தவர்கள். தோட்ட முதலாளியின் பெயரான ‘பெட்வே’ என்பதே இன்றும் பலருடைய குடும்பப் பெயராக இருக்கிறது. அடிமை முறை ஒழிந்த பின்னரும் அவர்கள் அதே நிலத்தில் குத்தகைக்குப் பயிரிட்டு, கடனிலேயே வாழ்ந்தார்கள்.

1932ஆம் ஆண்டு அவர்களுக்குக் கடன் கொடுத்திருந்த வியாபாரி இறந்துபோனார். கடனுக்கு ஈடாகச் சுமார் 60 குடும்பங்களின் ஆடுமாடு, கலப்பை, சேமித்து வைத்திருந்த தானியம் எல்லாம் அள்ளிச் செல்லப்பட்டன. உயிரை மட்டும் கையில் பிடித்துக்கொண்டு மீண்டும் தொடங்குவது எப்படி என்பது இதை வாசிக்கும் உங்களில் பலருக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

அந்த நாட்களில் போர்வை கடையில் வாங்கும் பொருளாக இருக்கவில்லை. கிழிந்த காற்சட்டை, வெயிலில் வெளுத்த சேர்ட், மாவு மூட்டை, உர மூட்டை எதையும் அந்தப் பெண்கள் வீசவில்லை. துண்டுகளை இணைத்து மேல்துணி செய்தார்கள். நடுவில் பஞ்சைப் பரப்பி, அடியில் இன்னொரு துணி வைத்தார்கள். மூன்று அடுக்கும் நழுவாதபடி ஊடே தையல் ஓட்டினால் போர்வை தயார்.

மேல்துணியை ஒவ்வொருத்தியும் தன் வீட்டில், தன் மனம் போனபடி தைப்பாள். மூன்று அடுக்கையும் சேர்க்கும்போது மற்றப் பெண்களும் வருவார்கள். சட்டத்தில் இழுத்துக் கட்டிய போர்வையைச் சுற்றி இருந்து, பாடியும் பேசியும் தைத்து முடிப்பார்கள். அடுத்த முறை இன்னொருத்தியின் வீட்டுப் போர்வை.

ஒரு கணவரின் உடுப்பு

1942ஆம் ஆண்டு மிசூரி பெட்வே என்ற பெண் தைத்த போர்வை ஒன்று இன்று உலகறிந்தது. அவருடைய கணவர் இறந்துபோக, அவர் வயலில் வேலை செய்யும்போது அணிந்த உடுப்புகள் மட்டும் வீட்டில் மிஞ்சின. மிசூரி அவற்றைக் கிழித்துத் துண்டாக்கிப் போர்வை தைத்தார். அவரை நினைத்துக்கொள்ளவும் அன்போடு அதற்குள் படுத்துக்கொள்ளவும் தாய் அதைத் தைத்தார் என்று, உடனிருந்து உதவிய மகள் ஆர்லோன்சியா பிற்காலத்தில் சொன்னார்.

காற்சட்டை முழங்காலில் தேய்ந்த இடமும், கறை படிந்த இடமும் அந்தப் போர்வையில் அப்படியே தெரிகின்றன. 2002இல் ஹூஸ்டன் நகரிலும் பின்னர் நியூயோர்க்கிலும் இந்த ஊர்ப் போர்வைகள் கண்காட்சியாக வைக்கப்பட்டபோது, அதுவும் சுவரில் தொங்கியது. 2006இல் ஜீஸ் பென்ட் போர்வைகளின் படங்களோடு அமெரிக்கா தபால் முத்திரை வெளியிட்டது.

ஊசியும் உரிமையும்

1960களில் இந்த ஊர் மக்கள் வாக்குரிமை கேட்டுப் போராடினார்கள். 1962இல் ஆற்றைக் கடக்கும் படகுச் சேவை நிறுத்தப்பட்டது. வாக்காளராகப் பதிவதற்கு எதிர்க்கரையிலுள்ள நகருக்குச் செல்ல, தரைவழியே நெடுந்தூரம் சுற்றவேண்டி வந்தது. படகு திரும்ப ஓடத் தொடங்கியது 2006இல்தான். வாக்காளராகப் பதிந்ததற்காக வேலையையும் குடியிருந்த நிலத்தையும் இழந்தவர்கள் பலர்.

அந்த நிலையில், 1966இல், ஜீஸ் பென்ட்டையும் அயலூர்களையும் சேர்ந்த பெண்கள் ‘விடுதலைத் தையல் கூட்டு’ என்ற பொருள்படும் பெயரில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்கள். போர்வைகள் நியூயோர்க்கில் ஏலத்தில் விற்கப்பட்டன. வருமானத்தில் நிலம் வாங்கி, 1969இல் சொந்தமாகத் தையல் நிலையம் கட்டினார்கள். நிலமிழந்த குடும்பங்களுக்கும் அதில் இடம் கிடைத்தது. 1972இல் சியர்ஸ் நிறுவனம் தலையணை உறை தைக்கும் வேலையைக் கொடுத்தது. அந்த வேலையில் மிஞ்சிய துண்டுத் துணியும் வீட்டுக்குப் போய்ப் போர்வையாயிற்று. சங்கம் 2012இல் மூடப்படும் வரை, பல பெண்கள் தம் கையால் சம்பாதித்த காசைக் கண்டது அதன் மூலமே.

புகழ் வந்தபோது கணக்கு வழக்குப் பிரச்சினையும் வந்தது. தமக்குரிய பங்கு கிடைக்கவில்லை என்று 2007இல் சில பெண்கள் நீதிமன்றம் சென்றார்கள். 2008இல் வழக்குகள் சமரசமாக முடிந்தன. கைவேலை செய்யும் எல்லோருக்கும் இதில் பாடம் உண்டு. யார் தைத்தது, என்ன விலைக்குப் போனது, படத்தைப் பயன்படுத்தும் உரிமை யாருக்கு என்பவை தொடக்கத்திலேயே எழுத்தில் இருக்கவேண்டும்.

நாமும் கூடலாம்

ஒரு சனி, ஞாயிறு போதும். மாதர் சங்கக் கட்டடமோ ஒருவர் வீட்டு விறாந்தையோ போதும். நமது வெக்கைக்குப் பஞ்சு தேவையில்லை. கழுவி உலர்த்திய பழைய நூல் சேலை இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, ஓரங்களை ஊசி குத்தி நிறுத்தி, நெருக்கமாக நூலோடினால் மெல்லிய போர்வை கிடைக்கும். பூப்போட்ட சட்டைத் துண்டுகளை மேலே வைத்துத் தைத்தால் பிள்ளைக்கு விரிப்பு. சமையலை முறை வைத்துச் செய்யலாம். பிள்ளைகளைப் பார்க்க ஒருவர் இருக்கட்டும்.

ஒரு விடயத்தில் கவனம் வேண்டும். இறந்தவரின் சாரத்தையோ சேர்ட்டையோ வெட்டித் தைப்பது ஒருவருக்கு ஆறுதல் தரும். இன்னொருவருக்கு அது தாங்க முடியாததாக இருக்கும். காணாமற்போனவரைத் தேடிக்கொண்டிருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ அந்த உடுப்பு அவர் திரும்பி வந்து உடுத்த வேண்டியது. அதில் கத்தரிக்கோல் வைக்கச் சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. அவர் அதை மடித்து வைத்துவிட்டு வெறுங்கையோடு வரட்டும். இன்னொருத்தியின் போர்வையில் ஓர் ஓரத்தைப் பிடித்துத் தைக்கட்டும். பேச விரும்பினால் பேசட்டும், இல்லாவிட்டால் சும்மா இருக்கட்டும். ஊசியில் கண் வைத்திருப்பவளிடம் யாரும் முகம் பார்த்துக் கேள்வி கேட்பதில்லை. அதுவே சில நாட்களில் பெரிய நிம்மதி.

முதலில் தைப்பதை விற்கவேண்டாம். அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்ததைச் சந்தைக்குத் தைக்கலாம்.