வீட்டிலேயே பிஸ்ஸா மாவு: பிரெட் மெஷினும் நம் ஊர் வெயிலும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் பிஸ்ஸா இன்று அதிசயப் பண்டம் இல்லை. 1996-ல் டெல்லியிலும் பெங்களூரிலும் கடை திறந்த பன்னாட்டு பிஸ்ஸா நிறுவனங்கள் அந்த ருசியை நாடெங்கும் பழக்கிவிட்டன. சிற்றூர் பேக்கரிகளில்கூட இப்போது சுடச்சுடக் கிடைக்கிறது. "அத்தா, பிஸ்ஸா வாங்கித் தாங்க" என்று கேட்கும் பிள்ளைக்கு ருசி ஒன்றுதான் கணக்கு. வாங்கித் தரும் பெற்றோருக்கோ வேறு கேள்விகள் இருக்கின்றன. மேலே தூவிய கோழி முறைப்படி அறுக்கப்பட்டதா? சீஸ் எதைக் கொண்டு உறைய வைக்கப்பட்டது? மாவை மென்மையாக்க என்ன கலந்தார்கள்?

கடைக்காரரைக் கேட்டாலும் பல நேரம் பதில் கிடைப்பதில்லை. அவரும் தயாராக வரும் பிஸ்ஸா பேஸை வாங்கித்தான் விற்கிறார். இந்தக் கேள்விகளுக்கு உறுதியான பதில் நம் அடுப்படியில்தான் இருக்கிறது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகிய நான்கும் இருந்தால் பிஸ்ஸா மாவு தயார். பிசையும் வேலையை பிரெட் மெஷினிடம் விட்டுவிடலாம். ஆனால் குளிர்நாட்டுக் குறிப்புகளை அப்படியே பின்பற்றினால் நம் ஊர் வெயிலில் மாவு புளித்துக் குழைந்துவிடும். எதை மாற்ற வேண்டும் என்பதை இங்கே பார்ப்போம்.

மாவில் மறைந்திருப்பவை

பிரெட், பன், பிஸ்ஸா பேஸ் ஆகியவற்றின் உறையில் சில எண்களைப் பார்த்திருப்போம். 920 என்பது எல்-சிஸ்டைன். மாவை இளக்கி, எளிதாக விரியச் செய்யும் பொருள் இது. பறவை இறகு, மனித முடி ஆகியவற்றிலிருந்தும் எடுக்கப்படுகிறது. நொதித்தல் முறையிலும் தயாரிக்கப்படுகிறது. எந்த வழியில் வந்தது என்று உறையில் எழுதியிருக்காது. 471 என்பது ஒரு வகைக் கொழுப்புப் பொருள். அது தாவர எண்ணெயிலிருந்தும் வரலாம், மிருகக் கொழுப்பிலிருந்தும் வரலாம். ரொட்டி மாவில் கலந்துவந்த பொட்டாசியம் புரோமேட்டை, உடல்நலக் காரணங்களுக்காக 2016-ல்தான் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் தடை செய்தது.

வீட்டில் பிசையும் மாவுக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. மைதா வாங்கும்போது உறையில் கோதுமை மாவு என்பதைத் தவிர வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை என்று பார்த்தால் போதும்.

ஈஸ்ட் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று கரியமில வாயுவை வெளியிடுகிறது. அதோடு மிகச் சிறிதளவு ஆல்கஹாலும் உண்டாகிறது; சூட்டில் அதன் பெரும்பகுதி ஆவியாகிவிடும். துருக்கியின் பிதே, அரபு நாட்டு குப்ஸ், லெபனானின் மனாகீஷ் என முஸ்லிம் நாடுகளின் அன்றாட ரொட்டிகள் பலவும் ஈஸ்ட் சேர்ந்தவைதான். கடையில் கிடைக்கும் பேக்கரி ஈஸ்ட், சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகில் வளர்க்கப்படுவது. பீர் தயாரிப்பில் மிஞ்சும் ஈஸ்ட் வேறு. இதில் சந்தேகம் இருப்பவர்கள் தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிவு பெறலாம்.

மெஷின் என்ன செய்கிறது?

வீட்டு உபயோகத்துக்கான பிரெட் மெஷினை ஜப்பானின் மாட்சுஷிதா நிறுவனம் 1987-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று பானசோனிக் என்று நாம் அறியும் நிறுவனம் அது. தொடக்கத்தில் அந்த மெஷின் பிசைந்த மாவு சரியாக வரவில்லை. இகுகோ தனகா என்ற பொறியாளர், ஒசாகாவின் பெரிய ஓட்டல் ஒன்றின் தலைமை ரொட்டிக் கலைஞரிடம் சென்று மாவு பிசையக் கற்றார். அவர் மாவை அழுத்துவதோடு நிற்காமல் முறுக்கி இழுக்கவும் செய்கிறார் என்பதைக் கண்டார். அதற்கேற்ப மெஷின் பாத்திரத்தின் உட்புறத்தில் வரம்பு போன்ற மேடுகள் வைக்கப்பட்டன. பிளேடு சுழலும்போது மாவு அதில் தடுக்கி இழுபட்டு மடிகிறது.

இந்த இழுப்பின் அருமை விருதுநகர் மாவட்டத்துக்காரர்களான நமக்கு நன்றாகத் தெரியும். எண்ணெய் பரோட்டாவுக்குப் பேர்போன மாவட்டம் இது. மாஸ்டர் மாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறப்போட்டு, பிறகு வீசுவதைப் பார்த்திருக்கிறோம். மைதாவில் தண்ணீர் சேர்ந்து பிசையும்போது குளூட்டன் என்ற ரப்பர் போன்ற வலை உருவாகிறது. பரோட்டா அடுக்காக விரிவதும், பிஸ்ஸா மாவு காற்றைப் பிடித்து உப்புவதும் அந்த வலையால்தான்.

பிஸ்ஸாவுக்கு மெஷினில் "டோ" அல்லது "பிஸ்ஸா" என்ற பட்டனை மட்டும் பயன்படுத்த வேண்டும். அது மாவைப் பிசைந்து, இளஞ்சூட்டில் உப்ப வைத்து நின்றுவிடும், சுடாது. மெஷினைப் பொறுத்து 45 நிமிடம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகும்.

அளவு

சுமார் 10 அங்குல பிஸ்ஸா இரண்டுக்கு:

மைதா – 300 கிராம்
தண்ணீர் – 180 மில்லி
எண்ணெய் – 1 மேசைக்கரண்டி
உப்பு – 5 கிராம் (1 தேக்கரண்டி)
சர்க்கரை – 1 தேக்கரண்டி
இன்ஸ்டன்ட் ஈஸ்ட் – 3 கிராம் (1 தேக்கரண்டி)

வெளிநாட்டுக் குறிப்புகளில் தண்ணீர் இதைவிட அதிகமாக இருக்கும். அவர்கள் பயன்படுத்தும் ரொட்டி மாவில் புரதம் அதிகம் என்பதால் அது அதிக நீரை இழுக்கும். நம் மைதாவுக்கு அந்த அளவு ஊற்றினால் கையில் ஒட்டும். பாதி மைதா, பாதி கோதுமை மாவு சேர்ப்பதாக இருந்தால் தண்ணீரை 15 முதல் 20 மில்லி கூட்டிக்கொள்ளலாம்.

தம்ளர் கணக்கைவிட எடை மெஷினில் நிறுத்துப் போடுவது நல்லது. நோன்பு நேரத்தில் இது இன்னும் உதவும். உப்பு சரியா என்று நாக்கில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இருக்காது.

தண்ணீர், எண்ணெய், உப்பு, சர்க்கரை ஆகியவற்றை முதலில் பாத்திரத்தில் போடுங்கள். அதன் மேல் மாவைப் பரப்பி, நடுவில் சிறு குழி செய்து ஈஸ்ட்டை வையுங்கள். பானசோனிக் மெஷின்களில் வரிசை தலைகீழ்: முதலில் ஈஸ்ட், பிறகு மாவு, கடைசியில் தண்ணீர். எந்த வரிசையானாலும் மெஷின் சுற்றத் தொடங்கும் வரை ஈஸ்ட்டில் தண்ணீர் படக் கூடாது.

சுற்ற ஆரம்பித்து ஐந்து நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாகப் பாத்திரத்தின் சுவரை விட்டு விலகியிருக்க வேண்டும். ஓரத்தில் பிசுபிசுவென்று ஒட்டினால் ஒரு தேக்கரண்டி மாவு தூவுங்கள். உதிரியாக இருந்தால் ஒரு தேக்கரண்டி தண்ணீர் விடுங்கள்.

வெயிலுக்கு ஏற்ற மாற்றம்

குளிர்நாட்டுக் குறிப்புகள் எல்லாம் "வெதுவெதுப்பான நீர்" என்று சொல்லும். நமக்கு அது பொருந்தாது. கோடையில் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீரே சுடுகிறது.

பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26 டிகிரி அளவில் இருப்பது நல்லது. இதற்கு பேக்கரிக்காரர்கள் ஓர் எளிய கணக்கு வைத்திருக்கிறார்கள். 26-ஐ மூன்றால் பெருக்கினால் 78. இதிலிருந்து அறையின் சூடு, மாவின் சூடு, பிசைவதால் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் மிஞ்சுவதே தண்ணீரின் சூடு. நம் அடுப்படி 33 டிகிரி, மாவும் 33 டிகிரி, பிசைவதால் ஏறுவது ஏழு டிகிரி என்று வைத்துக்கொண்டால் மிஞ்சுவது 5. அதாவது பிரிட்ஜில் வைத்த தண்ணீர்தான் ஊற்ற வேண்டும்.

இரண்டாவது மாற்றம் நேரம். மெஷினின் இளஞ்சூடு குளிர் நாடுகளின் வசதிக்காக வைக்கப்பட்டது. ஏப்ரல், மே மாதங்களில் பிசைந்து முடிந்ததும் மெஷினை நிறுத்திவிடலாம். மாவை எண்ணெய் தடவிய பாத்திரத்தில் போட்டு மூடி வைத்தால் 40, 45 நிமிடத்தில் இரண்டு மடங்காகிவிடும். கடிகாரத்தைவிட விரலை நம்பலாம். மாவில் விரலை அழுத்தி எடுக்கும்போது குழி மெதுவாகப் பாதி மேலே வந்தால் பக்குவம். குழி அப்படியே நின்று மாவு அமுங்கினால் அதிகம் புளித்துவிட்டது.

மூன்றாவது மாற்றம், ஈஸ்ட்டைப் பாதுகாப்பது. பிரித்த பாக்கெட்டைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு பிரிட்ஜில் வைக்க வேண்டும். வெளியே வைத்தால் நம் சூட்டில் அதன் வீரியம் போய்விடும். சந்தேகம் வந்தால் ஒரு சிட்டிகை சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான நீரில் சிறிது போட்டுப் பாருங்கள். பத்து நிமிடத்தில் நுரைத்தால் ஈஸ்ட் உயிரோடு இருக்கிறது.

கரண்ட் போனால் பயப்பட வேண்டாம். பிசைந்து முடிந்திருந்தால் மாவை வெளியே எடுத்து மூடி வையுங்கள், தானே உப்பும். பாதியில் நின்றால் மீதியைக் கையால் பிசைந்துகொள்ளலாம்.

இஃப்தாருக்கு எப்படி?

அஸர் நேரத்தில் அடுப்படியில் எவ்வளவு வேலை இருக்கும் என்பது நமக்குத் தெரியும். கஞ்சி, வடை, சர்பத் எல்லாம் ஒன்றாக நிற்கும். அந்த நேரத்தில் மாவும் பிசைய வேண்டாம். முந்தின இரவு தராவீஹ் முடிந்ததும் மெஷினில் போட்டுவிடுங்கள். ஈஸ்ட்டைப் பாதியாகக் குறைத்து, பிசைந்து முடிந்ததும் மாவை எண்ணெய் தடவிய மூடி போட்ட டப்பாவில் பிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் நோன்பு திறக்க ஒன்றரை மணி நேரம் முன்பு வெளியே எடுத்தால் போதும். மெதுவாகப் புளித்த மாவுக்கு ருசியும் கூடும். இரண்டு நாள் வரை இப்படி வைத்திருக்கலாம்.

விரிக்கும்போது மாவு ரப்பர் போலச் சுருங்கினால் மல்லுக்கட்ட வேண்டாம். பரோட்டா மாஸ்டர் செய்வதுபோல பத்து நிமிடம் மூடி வைத்து மறுபடி விரியுங்கள்.

ஓ.டி.ஜி. அவன் இருந்தால் 230 முதல் 250 டிகிரி வரை 20 நிமிடம் முன்கூட்டியே சூடாக்கி, 10 முதல் 12 நிமிடம் சுடலாம். அவன் இல்லாதவர்களுக்கு இரும்பு தோசைக்கல் போதும். விரித்த மாவைக் காய்ந்த கல்லில் போட்டு இரண்டு நிமிடம் வெந்ததும் திருப்புங்கள். வெந்த பக்கத்தின் மேல் தக்காளிச் சாறு, காய், சீஸ் வைத்து, தீயைக் குறைத்து மூடி ஐந்து நிமிடம் விட்டால் சீஸ் உருகிவிடும்.

மேலே என்ன போடுகிறோம்?

சீஸை உறைய வைக்கும் ரென்னெட், கன்றின் இரைப்பையிலிருந்தும் எடுக்கப்படுகிறது, நுண்ணுயிர்களிலிருந்தும் தயாரிக்கப்படுகிறது. மிருக ரென்னெட் பற்றி மத்ஹபுகளுக்கிடையே கருத்து வேறுபாடு உண்டு. பச்சைப் புள்ளி போட்ட இந்தியச் சீஸை வாங்கினால் அந்தக் கேள்வியே எழாது. ஆனால் பச்சைப் புள்ளி என்பது சைவம் என்பதற்கான அடையாளம் மட்டும்தான். சாஸ்களில் ஒயின், ஒயின் வினிகர் போன்றவை இருக்கின்றனவா என்பதை அது சொல்லாது. உறையைப் படிக்கத்தான் வேண்டும். பெப்பரோனி என்பது மேல்நாடுகளில் பெரும்பாலும் பன்றி இறைச்சி கலந்தது. நம் பாய் கடைக் கோழியை மிளகு போட்டு வறுத்துத் தூவினால் அதைவிட ருசி.

மெஷின் வாங்கலாமா?

மாதம் ஒருமுறை பிஸ்ஸா செய்வதற்காக மட்டும் என்றால் வேண்டாம். 300 கிராம் மாவைக் கையால் பத்து நிமிடத்தில் பிசைந்துவிடலாம். கூட்டுக் குடும்பமாக இருப்பவர்களுக்கும், கை மூட்டு வலியோடு தினமும் சப்பாத்தி மாவு பிசையும் பெண்களுக்கும் அது பெரிய உதவி. பன், பிரெட், பரோட்டா மாவு எல்லாவற்றுக்கும் அதே மெஷின் ஆகும்.

வளைகுடாவிலிருந்து கொண்டுவரும் மெஷின் என்றால் அடியில் ஒட்டியிருக்கும் தகட்டைப் பாருங்கள். 220 முதல் 240 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்றிருந்தால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். துபாய், அபுதாபியில் வாங்குபவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 110 அல்லது 120 வோல்ட் என்றிருந்தால் நேரடியாகச் சொருகக் கூடாது, எரிந்துவிடும்.

2019-ல் புவிசார் குறியீடு பெற்ற ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவில் பாலும் சர்க்கரையும்தான் இருக்கின்றன. வெளியூர்க்காரர்கள் அதை நம்பி வாங்கிப் போவதற்கு அந்த எளிமையும் ஒரு காரணம். நம் வீட்டுப் பிஸ்ஸாவிலும் என்னென்ன இருக்கிறது என்று பிள்ளைகள் விரல்விட்டுச் சொல்லும்படி செய்ய முடியும். அவர்களையே மாவை நிறுத்துப் போடச் சொல்லுங்கள். உறையிலுள்ள எண்களையும் வாசிக்கப் பழக்குங்கள். நாளை வெளியூரில் படிக்கவோ வேலைக்கோ போகும்போது, எதை வாங்குவது, எதைத் தவிர்ப்பது என்று அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.